ஓவிய வகுப்பைப் பிற பாடங்களோடு இணைப்பது: நான்கு வழிகளை ஒப்பிட்டு ஒரு முடிவு

ஒரே வகுப்பு மாணவர்கள் ஒரே வாரத்தில் இருமுறை இலை வரைந்ததை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அறிவியல் பாடவேளையில் வரைந்தபோது, மேசைமேல் உண்மையான இலை கிடந்தும், ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் ஒரே படம்தான் இருந்தது: இரு முனையும் கூரான ஒரு புறக்கோடு, நடுவில் நேராக ஒரு நரம்பு, அதிலிருந்து இருபுறமும் சம இடைவெளியில் சாய்ந்த கோடுகள், பிறகு அம்புக்குறி போட்டுப் பாகங்களின் பெயர்கள். இரண்டு நாள் கழித்து, தாளைப் பார்க்காமல் இலையின் விளிம்பை மட்டும் கண்ணால் தொடர்ந்துகொண்டே பென்சிலை மெதுவாக நகர்த்தும் பயிற்சியை ஓவிய வகுப்பில் செய்தார்கள். கோடுகள் தடுமாறின, முனைகள் ஒன்றுசேரவில்லை. ஆனால் பூச்சி அரித்த இடமும், விளிம்பின் பற்களும், பக்க நரம்புகள் எதிரெதிராக இல்லாமல் மாறி மாறிக் கிளம்புவதும் தாளுக்கு வந்துவிட்டன. ஒரு மாணவி தன் அறிவியல் ஏட்டைத் திறந்து, முன்பு வரைந்தது இந்த இலையே இல்லை என்று காட்டினாள்.

காட்சிக்கலையையும் வடிவமைப்பையும் பிற பாடங்களோடு சேர்த்துக் கற்பிப்பதா என்ற கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு தாள்களும் நினைவுக்கு வருகின்றன. முதல் தாளும் ஒருவகை இணைப்புதான்; அறிவியலோடு ஓவியம் அங்கே சேர்ந்திருந்தது. ஆனால் அதில் ஓவியமும் கற்பிக்கப்படவில்லை, இலையும் சரியாகக் கற்பிக்கப்படவில்லை. ஆகவே இணைக்கலாமா வேண்டாமா என்பதைவிட, எந்த வகையில் இணைப்பது, அதற்காக எதை விட்டுக்கொடுப்பது என்பதே ஒரு பள்ளி முடிவுசெய்ய வேண்டிய விஷயம். ஓவியத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ பாடவேளைதான். அந்தச் சிறிய நேரத்தை எங்கே செலவிடுவது என்று தலைமையாசிரியரும் ஓவிய ஆசிரியரும் பாட ஆசிரியர்களும் கூடிப் பேசும்போது, நடைமுறையில் நான்கு வழிகள் முன்வைக்கப்படுகின்றன. ஓவியத்தைத் தனிப் பாடவேளையாகவே வைத்துக்கொள்வது முதல் வழி. பிற பாடத்தைப் புரியவைக்கும் துணைக்கருவியாக ஓவியத்தைப் பயன்படுத்துவது இரண்டாவது. ஒரு பொதுக் கருப்பொருளை எடுத்துக்கொண்டு எல்லாப் பாடங்களும் அதைச் சுற்றி வருவது மூன்றாவது. இரண்டு பாடங்களும் சேராமல் விடை காண முடியாத ஒரு கேள்வியை வைத்து, இரண்டு ஆசிரியர்கள் கூட்டாக ஓர் அலகை, அதாவது சில பாடவேளைகளில் முடியும் ஒரு பாடப்பகுதியைத் திட்டமிடுவது நான்காவது.

இணைப்பு என்ற ஒரே சொல்லுக்குள் இப்படிப் பல முறைகள் ஒளிந்திருப்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. கலைக்கல்வி ஆய்வாளர் லியோரா பிரெஸ்லர் 1995-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் தாம் கண்ட முறைகளை வேறொரு அடிப்படையில் நான்காகப் பிரித்தார். கலை பிற பாடத்துக்குப் பணிவிடை செய்யும் முறையே அவற்றில் அதிகம் காணப்பட்டது. இரண்டும் சம நிலையில் நின்று மாணவரைச் சிந்திக்க வைக்கும் முறை அரிதாகவே இருந்தது. என் அனுபவமும் இதையே சொல்கிறது. எளிதாக நடப்பது ஒன்று, பயன்தருவது வேறொன்று என்பதால்தான் இந்த ஒப்பீடு தேவைப்படுகிறது.

இரண்டாவது வழியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பெரும்பாலான வகுப்பறைகளில் ஏற்கெனவே நடப்பது அதுதான். நீர்ச்சுழற்சியை வண்ணம் தீட்டுவது, வரலாற்றுப் பாடத்தின் கோட்டையைச் சார்ட் அட்டையில் செய்து வருவது, கதையில் பிடித்த காட்சியை வரைவது ஆகியவை எல்லாம் இதில் அடங்கும். இதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். வரைவது நினைவில் நிறுத்த உதவுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது: கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட தொடர் பரிசோதனைகளில், ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியவர்களைவிட அதைப் படமாக வரைந்தவர்கள் அதிகம் நினைவில் வைத்திருந்தனர். அதே ஆய்வில் ஓவிய ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. சில விநாடிகளே கொடுத்து அவசரமாக வரையச் சொன்னபோதும் அந்தப் பயன் கிடைத்தது. படம் நன்றாக இருந்ததா என்பது முக்கியமாக இருக்கவில்லை.

இங்கேதான் இந்த வழியின் எல்லை இருக்கிறது. படம் எப்படி இருந்தாலும் நோக்கம் நிறைவேறும் என்றால், படத்தை மேம்படுத்த வேண்டிய தேவை அந்தப் பாடத்தில் எழவே எழாது. மாணவர் தமக்கு ஏற்கெனவே தெரிந்த வீட்டையும் மலையையும் சூரியனையும் மீண்டும் ஒருமுறை வரைந்துவிட்டுப் போவார். ஐந்தாண்டு இப்படி வரைந்த மாணவரின் கோடு, முதலாண்டின் கோட்டிலிருந்து அதிகம் நகர்ந்திருக்காது. எனவே துணைக்கருவியாக வரைவதை அறிவியல் ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் தாராளமாகச் செய்யட்டும். ஆனால் அதை ஓவியக் கல்வி என்று கால அட்டவணையில் எழுதி, அதைக் காரணம் காட்டி ஓவியப் பாடவேளையை எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படி எடுத்துக்கொள்ளப்பட்ட பாடவேளை திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை.

இந்த வழியை ஆதரிப்பவர்கள், ஓவியம் படித்தால் கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயரும் என்று சொல்வதுண்டு. இந்த வாதத்தை ஓவிய ஆசிரியர்கள் கையில் எடுக்காமல் இருப்பதே நல்லது. கலைக்கல்வி ஆய்வாளர்கள் எலன் வின்னரும் லோயிஸ் ஹெட்லாண்டும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2000-இல் பரிசீலித்தபோது, காட்சிக்கலைப் பயிற்சியே பிற பாட மதிப்பெண்ணை உயர்த்துகிறது என்று காரண காரியத் தொடர்போடு சொல்லப் போதிய சான்று கிடைக்கவில்லை. 2013-இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பு வெளியிட்ட விரிவான அறிக்கையும், கலைக்கல்வியைப் பிற பாடங்களுக்கான பலனைக் கொண்டு நியாயப்படுத்த வேண்டியதில்லை என்ற திசையிலேயே பேசியது. மதிப்பெண்ணைக் காட்டி வாங்கிய பாடவேளை, மதிப்பெண் உயராத ஆண்டில் பறிபோகும்.

மூன்றாவது வழியைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மாதம் முழுவதும் ‘தண்ணீர்’ என்பது கருப்பொருள் என்றால், மொழி வகுப்பில் கவிதை, அறிவியலில் ஆவியாதல், கணக்கில் கொள்ளளவு, ஓவிய வகுப்பில் அருவி என்று எல்லாம் நடக்கும். கடைசியில் ஒரு கண்காட்சியும் வைக்கப்படும். சிறு வகுப்புகளுக்கு இதில் மகிழ்ச்சி உண்டு, தங்கள் வேலையைப் பிறர் வந்து பார்ப்பது எந்த வயதினருக்கும் ஊக்கம் தரும். ஆனால் அருவி வரைந்த மாணவருக்கு ஆவியாதல் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் எங்கும் எழவில்லை, கொள்ளளவு கணக்கிட்டவருக்கு அருவி தேவைப்படவில்லை. தலைப்பு மட்டும் பொதுவாக இருந்தது, வேலை தனித்தனியாகவே நடந்தது. ஒரு பாடத்தை எடுத்துவிட்டால் மற்றது குறைபடுகிறதா என்று சோதித்துப் பார்த்தால் இந்த வழி பெரும்பாலும் தேறுவதில்லை.

நான்காவது வழி அந்தச் சோதனையில் தேறுகிறது என்பதை எடுத்துக்காட்டுகளோடுதான் சொல்ல முடியும்.

1609-ஆம் ஆண்டு கோடையில் இங்கிலாந்தில் கணிதவியலாளர் தாமஸ் ஹாரியட் தொலைநோக்கி வழியே நிலவைப் பார்த்து வரைந்தார். அந்தப் படத்தில் ஒளிக்கும் இருளுக்கும் நடுவே கரடுமுரடான ஒரு கோடும் சில கறைகளும் மட்டுமே இருக்கின்றன. அதே ஆண்டின் இறுதியில் நிலவைக் கவனித்து 1610-இல் கலிலியோ வெளியிட்ட படங்களிலோ மலைகளும் பள்ளங்களும் நிழலோடு எழுந்து நிற்கின்றன. கலிலியோவின் தொலைநோக்கி அதிகம் பெரிதாக்கிக் காட்டியது என்பது உண்மைதான். ஆனால் ஒளிநிழலைக் கொண்டு மேடுபள்ளத்தைக் காட்டும் ஓவியப் பயிற்சியை இத்தாலிய நகரங்களில் கற்றவர்கள் அறிந்திருந்தார்கள், கலிலியோ அந்தப் பயிற்சி உடையவர், அதனால்தான் கறைகளை அவரால் நிழல்கள் என்று படிக்க முடிந்தது என்று கலை வரலாற்றாளர்கள் வாதிடுகிறார்கள். கலிலியோவின் நூல் வெளிவந்த பிறகு ஹாரியட் வரைந்த படங்களில் பள்ளங்கள் தென்படத் தொடங்கின என்பது அந்த வாதத்துக்கு வலு சேர்க்கிறது.

இதை வகுப்பறைக்குக் கொண்டுவருவது கடினமல்ல. கசக்கிய வெள்ளைத் தாளை மேசைமேல் வைத்து, அறையை இருட்டாக்கி, ஒரே விளக்கை முதலில் நேர் மேலிருந்தும் பிறகு பக்கவாட்டிலிருந்தும் காட்டுகிறோம். மேலிருந்து ஒளி விழும்போது தாள் தட்டையாகத் தெரிகிறது. பக்கவாட்டில் விழுந்தவுடன் ஒவ்வொரு மடிப்பும் எழுகிறது. மாணவர்கள் அதைப் பென்சிலின் ஐந்து அடர்த்திகளில் வரைகிறார்கள். அடுத்த வகுப்பில் இயற்பியல் ஆசிரியர் அரைநிலவின் ஒளிப்படத்தைக் கொடுத்து, ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது, எது மேடு, எது பள்ளம், ஏன் பகலும் இரவும் பிரியும் எல்லைக்கோட்டை ஒட்டியே மேடுபள்ளம் நன்றாகத் தெரிகிறது என்று கேட்கிறார். முதல் நாள் தாளில் பக்கவாட்டு நிழலை வரைந்த கை, இந்தக் கேள்விக்கு உடனே விடை தருகிறது. உயர் வகுப்பாக இருந்தால், இருண்ட பகுதிக்குள் ஒளிபெற்று நிற்கும் சிகரத்துக்கும் எல்லைக்கோட்டுக்கும் உள்ள தூரத்தைக் கொண்டு மலையின் உயரத்தைக் கலிலியோ கணக்கிட்ட முறையை, பிதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்திச் செய்து பார்க்கலாம். இதில் ஓவியத்தை எடுத்துவிட்டால் இயற்பியல் தடுமாறும், இயற்பியலை எடுத்துவிட்டால் நிழல் வரைவது வெறும் பயிற்சியாக நின்றுபோகும்.

வடிவமைப்புக்கும் கணிதத்துக்கும் இதைவிட நெருக்கமான இடம் விளக்கப்படம். ஒரு வகுப்பில் இரண்டு பிரிவுகள் படித்த புத்தகங்களின் எண்ணிக்கையை மாணவர்கள் படமாக்கினார்கள். ஒரு பிரிவு 20, மற்றது 40. ஒரு குழு, முதல் பிரிவுக்கு ஒரு புத்தகப் படத்தை வரைந்து, இரண்டாவது பிரிவுக்கு அதையே இருமடங்கு உயரத்திலும் இருமடங்கு அகலத்திலும் வரைந்தது. எண் இருமடங்கு, படமும் இருமடங்கு, அதனால் சரி என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். சிறிய புத்தகத்தைப் போல நான்கு நகல் வெட்டிப் பெரியதன்மேல் வைக்கச் சொன்னோம். நான்கும் இடம் மிச்சமில்லாமல் பொருந்தியபோது குழுவில் சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு ஒருவன், “அப்படியானால் நாங்கள் அவர்களை நான்கு மடங்கு படித்தவர்களாகக் காட்டிவிட்டோம்” என்றான். பரப்பளவு நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் என்பதை அவர்கள் ஏற்கெனவே தேர்வில் எழுதியவர்கள். பார்ப்பவரின் கண் அதை எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதை அன்றுதான் அறிந்தார்கள்.

அதன் பிறகுதான் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1858-இல் வெளியிட்ட விளக்கப்படத்தைக் காட்டினோம். கிரிமியப் போரில் இறந்த வீரர்களில் பெரும்பாலோரைக் கொன்றது காயமல்ல, தடுத்திருக்கக்கூடிய நோயே என்பதை அது மாதவாரியாகச் சம கோணமுள்ள ஆப்பு வடிவங்களில் காட்டுகிறது. ஆரத்தை எண்ணுக்கு நேர்விகிதத்தில் எடுத்தால் பெரிய எண் மிகையாகத் தெரியும் என்பதால், பரப்பளவே எண்ணைக் குறிக்கும்படி அது அமைந்தது. ஒரு வடிவமைப்பாளர் எடுக்கும் முடிவு உண்மையைச் சொல்வதா திரிப்பதா என்பது வரையும் கையில் இருக்கிறது என்பதைப் பதினைந்து வயது மாணவர்கள் மிகத் தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்கள். நிறத் தேர்வு, எழுத்தின் அளவு, எதை முதலில் கண் பார்க்க வேண்டும் என்ற வரிசை ஆகிய அனைத்தையும் அவர்கள் அதன்பின் தாங்களாகவே விவாதித்தார்கள். அதற்குமுன் அவை அவர்களுக்கு வெறும் அலங்காரம்.

வண்ணத்திலும் இப்படியொரு வாசல் இருக்கிறது. பாரிஸின் கோப்லன் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் பொறுப்பில் இருந்த வேதியியலாளர் மிஷெல் செவ்ரல், கறுப்பு நூல் மங்கித் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்து, குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் உள்ள நிறங்களில் இருக்கிறது என்று கண்டார். அந்த ஆய்வை 1839-இல் நூலாக்கினார். வேதியியல் வகுப்பும் ஓவிய வகுப்பும் சேர்ந்து இந்தப் புகாரையே மாணவர்களிடம் கொடுக்கலாம். ஒரே சாம்பல் நிறத் தாளின் இரு துண்டுகளை வெவ்வேறு பின்னணியில் ஒட்டி, அவை இரண்டு வேறு நிறங்களாகத் தெரியும்படி செய்யச் சொன்னால், கத்தரியும் வண்ணத்தாளும் மட்டுமே போதும்.

இனி இந்த வழியின் விலை. கூட்டு அலகு ஒன்றுக்கு நான்கு முதல் ஆறு பாடவேளை தேவைப்படுகிறது, அதற்குமுன் இரண்டு ஆசிரியர்களும் இரண்டு முறையாவது உட்கார்ந்து பேச வேண்டும், ஒருவருடைய தேர்வுக் காலம் மற்றவருடைய திட்டத்தைக் கலைத்துவிடும். சரியாகத் திட்டமிடாவிட்டால் இதுவும் இரண்டாவது வழியாகவே சரிந்துவிடும். எனக்கு அது நேர்ந்தது. இரும்பு உப்புக் கரைசல் பூசிய தாளில் வெயில் பட்டு, நீரில் அலசியதும் ஆழ்ந்த நீலமாக மாறும் சயனோடைப் முறையை எடுத்துக்கொண்டோம். 1842-இல் அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்து, அடுத்த ஆண்டே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளைப் பதிவுசெய்யப் பயன்படுத்திய முறை அது. வேதியியலுக்கும் ஓவியத்துக்கும் இதைவிடப் பொருத்தமான இணைப்பு இல்லை என்றே நினைத்தேன். வேதிவினை ஒழுங்காக நடந்தது, நீல அச்சுகள் அழகாக வந்தன, எல்லோரும் பாராட்டினார்கள். சுவரில் வரிசையாக மாட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: எல்லாத் தாள்களிலும் ஓர் இலை, சரியாக நடுவில். யாரும் எந்த முடிவும் எடுக்கவில்லை, செய்முறையே அழகைத் தந்துவிட்டது.

அடுத்த ஆண்டு அதே அலகில் இரண்டை மாற்றினோம். ஒரே தாளைப் பட்டைகளாக மறைத்து, இரண்டு நிமிடம், நான்கு நிமிடம், எட்டு நிமிடம் என்று வெயில் காட்டி, எந்த நீலம் தமக்கு வேண்டும் என்று மாணவரே தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கான காரணத்தை வேதியியல் ஏட்டில் எழுத வேண்டும். அச்சுக்குமுன் மூன்று சிறு வரைவுகளை ஸ்கெட்ச் புக்கில் செய்து, பொருள் நிற்கும் இடத்தோடு வெறுமையாக விடப்படும் இடத்தின் வடிவத்தையும் காட்ட வேண்டும். அச்சுகளில் முன்பிருந்த பளபளப்பு குறைந்தது, சிலவற்றில் நீலம் வெளிறிப்போனது. ஆனால் எந்த அச்சு யாருடையது என்று பெயரைப் பார்க்காமலே சொல்ல முடிந்தது.

இந்தத் தோல்வியே முதல் வழியின் மதிப்பையும் எனக்கு உணர்த்தியது. வெற்றிடத்தின் வடிவத்தைப் பார்க்கும் பழக்கத்தை அந்த மாணவர்கள் கூட்டு அலகில் கற்கவில்லை; தனி ஓவிய வகுப்பில் பல வாரம் நாற்காலியின் கால்களுக்கிடையே தெரியும் இடத்தை மட்டும் வரைந்து கற்றார்கள். கோடு, ஒளிநிழல், வண்ணம், அமைப்பு, பொருள்களைக் கையாளும் திறன் ஆகியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. பிற பாடத்தின் அட்டவணை அந்த வரிசையைப் பார்த்து நகராது. ஹெட்லாண்டும் வின்னரும் மற்ற இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, ஓவிய வகுப்பில் உருவாகும் எட்டு மனப்பழக்கங்களைத் தொகுத்தது. உற்றுநோக்குதல், இல்லாததை மனத்தில் கண்டு திட்டமிடுதல், விடாமல் ஈடுபடுதல், தன் வேலையைத் தானே மதிப்பிடுதல் ஆகியவை அவற்றில் சில. இவை அவசரத்தில் வருவதில்லை. தனிப் பாடவேளைக்கும் குறை உண்டு: கரும்பலகைப் படத்தைப் பார்த்து வரைவதாக அது சுருங்கிப்போகலாம், தேர்வு நெருங்கும்போது முதலில் பறிபோவதும் அதுதான். இருந்தும், அது இல்லாத பள்ளியில் நான்காவது வழிக்கு அடித்தளம் கிடையாது.

எனவே என் முடிவு இது. தனிப் பாடவேளையைக் குறைக்காமல் வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு இரண்டு கூட்டு அலகுகளை மட்டும் நன்றாகச் செய்வது சரி. தனிப் பாடவேளையைக் கைவிட்டு எல்லாப் பாடங்களிலும் ஓவியத்தைத் தூவுவது என்ற முன்மொழிவு வந்தால், எவ்வளவு நல்ல நோக்கத்தோடு வந்தாலும் மறுக்க வேண்டும். ஓவிய ஆசிரியரே இல்லாமல் ஒரே ஆசிரியர் எல்லாப் பாடங்களையும் எடுக்கும் தொடக்க வகுப்புகளில் நிலைமை வேறு. அங்கே அட்டவணை அவர் கையில் இருப்பதால், இரண்டிரண்டு பாடவேளையில் முடியும் சிறிய இணைப்புகளை அடிக்கடி செய்யலாம், இலைப் பயிற்சி அதற்கு ஏற்றது.

மதிப்பீட்டில் ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன்: கூட்டு அலகுக்கு ஒரே கூட்டு மதிப்பெண் போடக் கூடாது. விளக்கப்பட அலகில், அளவுத்திட்டம் சரியா, பரப்பளவு எண்ணைக் குறிக்கிறதா என்பதைக் கணித ஆசிரியர் தனியாக எழுதட்டும். முக்கியச் செய்தி பார்த்தவுடன் தெரிகிறதா, முதல் வரைவுக்கும் இறுதி வடிவத்துக்கும் இடையில் என்ன மாறியது என்பதை ஓவிய ஆசிரியர் தனியாக எழுதட்டும். இரண்டில் ஒரு குறிப்பு எழுத முடியாமல் போனால், அந்தப் பாடம் அங்கே கற்பிக்கப்படவில்லை என்று உடனே தெரிந்துவிடும்.

முதல் ஆண்டில் விளக்கப்பட அலகிலிருந்து தொடங்குவது எளிது; தாள், அளவுகோல், கத்தரி தவிர எதுவும் வேண்டாம், எண்ணிக்கையை வகுப்பிலேயே திரட்டலாம். இரண்டாவது அலகைத் தேர்ந்தெடுக்க நான் பாட ஆசிரியர்களிடம் கேட்பது ஒரே கேள்விதான்: உங்கள் பாடத்தில் மாணவர்கள் ஆண்டுதோறும் தவறாக வரையும் படம் எது? கணித ஆசிரியர் கனசதுரத்தின் மறைந்த விளிம்புகளைச் சொன்னார். புவியியல் ஆசிரியர் சமஉயரக் கோடுகளைச் சொன்னார், மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் வித்தியாசம் தெரியாமல் வரைகிறார்கள் என்றார். அறிவியல் ஆசிரியர் சிறிது யோசித்துவிட்டு, வில்லைக்குள் (லென்ஸ்) நுழையும் ஒளிக்கதிரை எல்லோரும் வளைகோடாக வரைகிறார்கள், ஏன் என்று தெரியவில்லை என்றார். அடுத்த கூட்டு அலகை நாங்கள் அங்கிருந்து தொடங்கினோம்.